குறி சொல்வதும் சொல்லாததும்: பழைய கனரக இயந்திரங்களில் உணரிப் பழுதை ஆய்தல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், செபராங் பிறையில் பழைய கட்டுமான இயந்திரங்களை விற்கும் திடல் ஒன்றிற்கு என் மாமன் மகனுடன் சென்றிருந்தேன். அவர் சிறு ஒப்பந்தக்காரர். வடிகால் தோண்டும் வேலைகளை எடுத்துச் செய்பவர். ஜப்பானில் பல்லாண்டு உழைத்துப் பின் கப்பலேறி வந்த இருபது டன் அகழ்பொறி ஒன்றை அவர் விலை பேசிக்கொண்டிருந்தார். பட்டறைகளில் எக்ஸ்கவேட்டர் என வழங்கும் இயந்திரம் அது. சாவியைத் திருப்பியதும் ஓட்டுநர் இருக்கையின் முன்னிருந்த திரையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அதனருகில் 110, 3 என இரண்டு எண்கள் தோன்றின. "சென்சார்தான் பாஸ், மாத்திட்டா சரியாயிடும்" என்றார் விற்பவர். மாமன் மகனும் அதை நம்பி வாங்கினார். உணரியை மாற்றினார், குறி மறையவில்லை. புதிய உணரியே பழுதுபட்டதாக இருக்குமோ என்று எண்ணி மீண்டும் ஒன்று வாங்கி மாற்றினார். 110, 3 அசையாமல் நின்றது.

அவ்விரண்டு எண்களும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அவ்வெண்கள் பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். முந்தைய டீசல் பொறிகளில் எரிபொருளை அளந்து செலுத்தியது முழுவதும் இயந்திர அமைப்பாலான பம்ப். அங்கே குறி என்று ஒன்று இல்லை. புகையின் நிறமும் பொறியின் ஒலியும் தொட்டுப் பார்த்த சூடுமே பழுதை உணர்த்தின. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் காமன் ரெயில் எனப்படும் எரிபொருள் முறையை ஹினோ சரக்குந்து ஒன்றில் புகுத்தியது. பின்னர்ப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுக இறுக, அகழ்பொறிகளும் அவ்வழியே வந்தன. எரிபொருள் எப்பொழுது, எவ்வளவு செல்ல வேண்டும் என்பதை இப்பொழுது ஒரு கணினி முடிவு செய்கிறது. கணினிக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. குளிர்நீரின் சூடு, எண்ணெயின் அழுத்தம், பொறியின் சுழற்சி ஆகிய அனைத்தையும் அது உணரிகள் அனுப்பும் மின்னழுத்தமாகவே அறிகிறது. அம்மின்னழுத்தம் தான் எதிர்பார்த்தபடி இல்லையெனில், அதை எண்ணாக எழுதி வைக்கிறது.

கனரக வாகனங்களின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் வகுத்த பொது மொழி ஜே1939 எனப்படும். உற்பத்தியாளர்கள் பலர் இதனைத் தழுவியுள்ளனர். சிலர் தமக்கென வேறு எண்களையும் வைத்திருக்கின்றனர். கம்மின்ஸ் பொறியில் இதே நிலைக்கு 144 என்னும் எண் வழங்குகிறது. எண் மாறினாலும் அதன் பின்னுள்ள வாக்கியம் ஒன்றே.

வாக்கியம் என்னும் சொல்லை அறிந்தே பயன்படுத்துகிறேன். இவ்வகைக் குறியில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முதல் எண் எதைப் பற்றிய பேச்சு என்பதைக் கூறும்: 110 என்றால் குளிர்நீரின் வெப்பம், 100 என்றால் எண்ணெய் அழுத்தம், 190 என்றால் பொறியின் சுழற்சி வேகம். இரண்டாம் எண் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூறும். முதலாவது எழுவாய், இரண்டாவது பயனிலை. பட்டறையில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை எழுவாயை மட்டும் படித்துவிட்டுப் பயனிலையைப் படிக்காமல் கருவிப்பெட்டியைத் திறந்ததால் நேர்ந்தவை. "குளிர்நீர் வெப்பம்" என்று படித்ததுமே குளிர்நீர் உணரியைக் கழற்றுகிறார்கள். "முருகன்" என்று தொடங்கும் வாக்கியத்தில் அச்சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, முருகன் வந்தானா, சென்றானா, விழுந்தானா என்று கேளாமல் மருத்துவரை அழைப்பது போன்றது இது.

பயனிலை எண்கள் 0 முதல் 31 வரை உண்டு. அனைத்தையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கூட்டங்களை வேறுபடுத்தி அறிந்தால் பாதி வேலை முடிந்தது. 3, 4, 5, 6 ஆகியவை மின்சுற்றைப் பற்றியவை. 3 என்றால் மின்னழுத்தம் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ். 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்தது. 6 என்றால் மின்னோட்டம் மிகுதி. இவற்றில் கணினி சொல்வது, "எனக்கு வரும் செய்தியை நம்ப இயலவில்லை" என்பதே. மாறாக 0, 1 ஆகியவற்றிலும் 15 முதல் 18 வரையுள்ளவற்றிலும் செய்தியில் ஐயம் இல்லை. வெப்பமோ அழுத்தமோ உண்மையாகவே எல்லை கடந்துவிட்டது என்று கணினி அறிவிக்கிறது. 0, 15, 16 மேலெல்லையையும் 1, 17, 18 கீழெல்லையையும் பற்றியவை. இவற்றுள் 0, 1 இரண்டும் மிகக் கடுமையான நிலைகள்.

இனி 110, 3க்கு மீள்வோம். குளிர்நீரின் வெப்பம், மின்னழுத்தம் அளவுக்கு மேல். இதைக் கேட்ட மாணவர் ஒருவர், "அப்படியென்றால் எங்கோ மின்சாரம் மிகுதியாகப் பாய்கிறது" என்று விடை கூறினார். இயல்பான விடைதான், ஆயின் உண்மை அதற்கு நேர்மாறானது.

வெப்ப உணரியின் உள்ளே இருப்பது ஒரு சிறு மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2500 ஓம். 100 பாகையில் ஏறத்தாழ 186 ஓம். கணினி தன்னுள் இருக்கும் மாறாத மின்தடை ஒன்றின் வழியாக 5 வோல்ட்டை இவ்வுணரிக்கு அனுப்பி, இரண்டும் சேருமிடத்தில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று அளக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் வோல்ட் உயரும், சூடேறினால் தாழும். நல்ல நிலையில் இது 0க்கும் போகாது, 5க்கும் போகாது; இடையில் எங்காவது நிற்கும். இப்பொழுது கம்பி அறுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மின்சாரம் போகும் வழி இல்லை. குழாயின் முனையை மூடினால் நீர் ஓடாது. ஆனால் உள்ளே அழுத்தம் முழுமையாக ஏறி நிற்கும் அல்லவா? அதுபோல் 5 வோல்ட் முழுவதும் அங்கே நின்றுவிடும். கணினி அதைக் கண்டு "மின்னழுத்தம் மிகுதி" என்று எழுதுகிறது. ஆக, இவ்வகைச் சுற்றில் 3 என்னும் பயனிலைக்கு முதலில் ஐயுறத்தக்க காரணம் அறுந்த கம்பி அல்லது கழன்ற இணைப்பு. உணரிக் கம்பி எங்காவது உடற்சட்டத்தில் உரசி எர்த்துடன் ஒட்டிக்கொண்டால் வோல்ட் 0க்கு விழும். அப்பொழுது 4 தோன்றும்.

இதிலிருந்து ஒரு செலவற்ற சோதனை பிறக்கிறது. சாவியை அணைத்து, உணரியின் இணைப்பைக் கழற்றி, கம்பித் தொகுதியின் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைக்க வேண்டும். பின்னர்ச் சாவியைத் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டும். குறி 3இலிருந்து 4க்கு மாறினால், கம்பியும் கணினியும் நலமே, நாம் செய்த குறுக்கிணைப்பைக் கணினி கண்டுகொண்டது, பழுது உணரியில்தான். குறி மாறாமல் 3 என்றே நின்றால், நாம் செய்தது கணினிக்கு எட்டவே இல்லை. இடையில் எங்கோ வழி அறுந்திருக்கிறது, அல்லது அரிதாகக் கணினியே கெட்டிருக்கிறது. இச்சோதனை இரண்டு கம்பிகளையுடைய வெப்ப உணரிக்கு மட்டுமே உரியது என்பதைச் சிவப்பு மையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று கம்பிகளையுடைய அழுத்த உணரியில் ஒரு கம்பி 5 வோல்ட்டை நேரடியாகச் சுமந்து வருவது. அதனை எர்த்துடன் இணைத்தால், அதே 5 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பிற உணரிகளும் ஒருசேர வீழும். திரையில் நான்கைந்து குறிகள் ஒரே வேளையில் தோன்றும். அப்படித் தோன்றுவதைக் கண்டு நான்கைந்து உணரிகளை வாங்கியோரும் உளர்.

மாமன் மகனின் இயந்திரத்தில் குறி 3 என்றே நின்றது. மல்டிமீட்டரைக் கொண்டு கம்பியைப் பகுதி பகுதியாக அளந்துகொண்டு வந்தோம். பொறியின் பின்புறம், கம்பித் தொகுதி வளைந்து திரும்பும் இடத்தில் கறுப்பு நாடா சற்றே தடித்திருந்தது. பிரித்துப் பார்த்தால், முன்பொருவர் அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்து நாடா சுற்றியிருந்தார். செம்பு பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. ஒரு முழம் கம்பியும் சூட்டில் சுருங்கும் உறை இரண்டும் போதுமாயிருந்தன. முன்னர்க் கழற்றி வைத்த முதல் உணரியையே மீண்டும் பொருத்தினோம். அது இன்றும் வேலை செய்கிறது.

பினாங்கில் இப்பச்சைப் பூப்பு வியப்பன்று. தஞ்சோங் தோக்கோங்கிலும் கர்னி கடலோரத்திலும் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பணிகளில் இயந்திரங்கள் உப்புநீரின் விளிம்பிலேயே உழைத்தன. தீவின் தென்கரையில் 2023இல் தொடங்கிய தூர்ப்புப் பணியிலும் அப்படியே. ஈரக்காற்றும் உப்பும் சேர்ந்தால், இணைப்பியின் ஊசிமுனைகளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத படலம் படியும். அது கம்பியை முற்றிலும் அறுக்காது. மின்தடையைச் சிறிது கூட்டும். வெப்ப உணரியின் சுற்றில் கூடுதல் தடை என்றால் என்ன பொருள்? கணினிக்கு நீர் உள்ளபடியைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். குறி எதுவும் விழாது. ஏனெனில் மின்னழுத்தம் எல்லைக்குள்தான் இருக்கிறது. பொறி கொதித்துக்கொண்டிருக்கும், திரையோ அமைதியாக இருக்கும். குறி இல்லாமை நலத்திற்குச் சான்றன்று என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மாற்று உண்டு. நான் மாணவர்க்குக் கற்பிப்பதில் எனக்கு மிகப் பிடித்தமானது இது. இரவு முழுதும் நின்ற இயந்திரத்தை விடியற்காலையில், பொறியை முடுக்காமல், சாவியை மட்டும் திருப்பி உணரிகளின் அளவுகளைப் படிக்க வேண்டும். குளிர்நீர், எரிபொருள், உள்வரும் காற்று, நீரியல் எண்ணெய் ஆகிய அனைத்தும் அவ்வேளையில் ஒரே வெப்பத்தில் இருக்கும். காற்று 26 பாகையென்றால் யாவும் அதை ஒட்டியே சொல்ல வேண்டும். மூன்று 26 என்று சொல்ல, ஒன்று மட்டும் 14 என்று சொன்னால் அதன் சுற்றை ஆராயலாம். எண்ணெய் அழுத்தம் அப்பொழுது சுழியமாக இருக்க வேண்டும். உள்வரும் காற்றின் அழுத்தத்தை முழு அளவாகக் காட்டும் உணரி, கடல் மட்டத்திலுள்ள ஜார்ஜ் டவுனில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் என்று சொல்ல வேண்டும். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை உச்சிக்கு அதனைக் கொண்டுசென்றால் 92ஐ ஒட்டிக் காட்டும். இயற்பியல் ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

எச்சோதனைக்கும் முன்பாக மின்கலத்தையும் எர்த் கம்பிகளையும் பார்ப்பது மரபு. அதைத் தாண்டிச் செல்லும் அவசரம் இளைஞர்க்கு இருக்கும். இரண்டு 12 வோல்ட் மின்கலங்களை வரிசையில் இணைத்த இயந்திரங்களில், ஓய்வில் 25 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். சோர்ந்த மின்கலத்துடன் பொறியை முடுக்கும்போது வோல்ட் விழுந்து, கணினி தடுமாறி, தொடர்பற்ற குறிகளை எழுதிவிடும். பழைய இயந்திரங்களுக்கே உரிய மற்றொரு கேடு பற்றவைப்பு. வாளியின் பல் உடைந்தால் மின்கல இணைப்பைக் கழற்றாமல் அங்கேயே வெல்டிங் செய்வார்கள். அம்மின்னோட்டம் கணினியின் வழியே திரும்பினால், பின்னர் எந்த உணரியை மாற்றியும் பயனில்லை.

உணரியை மாற்றுவதே பரிகாரம் என்னும் எண்ணம் பட்டறையோடு நின்றுவிடுவதில்லை. 2018 அக்டோபர் 28 அன்று இந்தோனேசியாவின் டென்பசாரில், லயன் ஏர் விமானம் ஒன்றின் இடப்பக்க உணரி மாற்றப்பட்டது. காற்றுக்கு எதிராக விமானம் எந்தக் கோணத்தில் செல்கிறது என்று அளக்கும் உணரி அது. முந்தைய பறப்புகளில் தோன்றிய பழுதுச் செய்திகளே அதற்குக் காரணம். பொருத்தப்பட்டதோ புதியதன்று, பழுது நீக்கி மறுபயன்பாட்டுக்கு விடப்பட்டது. அது உண்மையைவிட 21 பாகை தவறாகக் காட்டியது. பொருத்தியபின் நடத்த வேண்டிய சோதனை வெற்றியாக நிறைவேறியதா என்பதை ஆய்வாளர்களால் உறுதிசெய்ய இயலவில்லை. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும் தானியங்கி அமைப்பு அவ்வொரே உணரியை நம்பிச் செயல்பட்டது. மறுநாள் காலை ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட அவ்விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். அகழ்பொறிக்கும் ஆகாய விமானத்திற்கும் தொலைவு மிகுதி. எனினும் மாற்றிய உணரியும் மெய்ப்பிக்கப்பட வேண்டியதே என்பதில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. பழைய இயந்திரச் சந்தையில் ரிகண்டிஷன் என்னும் சொல்லை நாள்தோறும் கேட்கும் நாம் இதை மறக்கலாகாது.

நம் மாநிலத்தில் ஒரு முரண் உண்டு. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் மின்னணுத் தொழில் வளர்ந்தது. 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் நிலையம் ஒன்றைப் பினாங்கில் திறந்தது. தூசி புகாத அறையில் அத்தனை நுட்பமாகச் சோதிக்கப்பட்டு வெளியேறும் பொருள், வேறெங்கோ ஒரு பொறியின் பின்புறம், வியர்வைக் கையால் முறுக்கி நாடா சுற்றிய கம்பியை நம்பி வாழ வேண்டியிருக்கிறது.

பழைய இயந்திரம் வாங்குவோர் அறிய வேண்டியன சில உண்டு. விற்பனைக்கு முன் குறிகளை அழிப்பது எளிது. அழித்தபின் திரை தூய்மையாக இருப்பதில் பொருளில்லை. காரணம் நீங்காதிருந்தால் அதே சூழல் வரும்பொழுது குறி மீண்டும் எழும். ஆகவே பொறி நன்கு சூடேறும்வரை, மண்ணை அள்ளிச் சுமையேற்றி இயக்கிப் பார்க்க வேண்டும். இப்போது எரியும் குறிகளைத் தவிர, முன்னர்த் தோன்றி மறைந்தவற்றையும் கணினி தனிப்பட்டியலில் வைத்திருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை முறை தோன்றிற்று என்னும் எண்ணிக்கையும் உடன் இருக்கும். ஆய்வுக் கருவியுள்ள ஒருவரை அழைத்துச் சென்று அதனைப் படிக்கச் சொல்லலாம். கேட்டர்பில்லர் போன்ற சில நிறுவனங்களின் பொறிகளில், மிகைச்சூடு முதலிய கடுமையான நிகழ்வுகளுள் சிலவற்றை நிறுவனம் தரும் மறைச்சொல் இன்றி அழிக்க இயலாது. கணினி எண்ணிய உழைப்பு நேரத்தையும் முன்பலகை காட்டும் நேரத்தையும் ஒப்பிடுவதும் நன்று. இரண்டும் வேறுபட்டால் பலகை மாற்றப்பட்டதா என்று கேட்கலாம்.

எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டும். காமன் ரெயில் பொறியில் எரிபொருள் 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். பழைய பொறிகளில் செய்ததுபோல், ஓடும் பொறியின் குழாய் முடிச்சைத் தளர்த்திப் பார்ப்பது உயிருக்கே கேடு. அந்நீர்க்கற்றை தோலைத் துளைத்து உள்ளே செல்லும். மூத்த தொழிலாளர்களின் கைப்பழக்கம் மதிப்புக்குரியது. இந்த ஒன்றில் மட்டும் அதனைப் பின்பற்றலாகாது.

நம் மொழியைப் பற்றியும் ஒரு சொல். "குறி சொல்லுதல்" என்று நாம் வழங்குவது சோதிடத்தை. திரையில் தோன்றும் எண்ணையும் பலர் அவ்வாறே, வருவதை முன்னறிந்து சொல்லும் வாக்காக ஏற்கின்றனர். "பழுதுக்குறி" என்ற பெயரும் உணரி பழுது என்னும் முடிவை முன்னதாகவே நாவில் வைத்துவிடுகிறது. கணினி தன் ஐயத்தையே தெரிவிக்கிறது. ஆதலால் இதனை "ஐயக்குறி" என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று முன்னர் எண்ணியிருந்தேன். மாமன் மகனின் இரண்டாம் இயந்திரம் அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

முதல் இயந்திரத்தை ஒரு முழம் கம்பியால் மீட்டபின் அவர்க்குத் துணிவு பிறந்திருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு திடலில் மற்றோர் அகழ்பொறியைப் பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். திரையில் 100, 1 என்று வருகிறதாம். "அதே கதைதான், வயர் பிரச்சினை. விலையக் குறைச்சுக் கேட்கப் போறேன்" என்றார். எழுவாய் எண்ணெய் அழுத்தம். பயனிலை 3 அன்று, 4 அன்று, 1. மின்சுற்றில் ஐயம் இல்லை. அழுத்தம் உண்மையாகவே கீழெல்லையைக் கடந்துவிட்டது. பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் நேரில் சென்றேன்.

கணினியின் சொல்லையும் அப்படியே ஏற்பதற்கில்லை. உணரியைக் கழற்றி, அதே துளையில் முள் அசைந்து காட்டும் பழைய இயந்திர அளவியைப் பொருத்தினோம். அதற்குக் கம்பியும் இல்லை, கணினியும் இல்லை. எண்ணெயே முள்ளைத் தள்ள வேண்டும். குளிர்ந்த பொறியில் முள் நன்றாகவே எழுந்தது. நாற்பது நிமிடம் இயக்கிச் சூடேற்றி, வேகத்தைக் குறைத்தபோது, மெல்ல இறங்கி அரை பாரை ஒட்டி நின்றது. அடித்தாங்கிகளோ எண்ணெய்ப் பம்போ தேய்ந்திருக்க வேண்டும். எதுவாயினும் பொறியை முழுதாகப் பிரிக்காமல் தீராது.

விற்பவர் அளவியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சென்ற மாதம் இதே குறிக்காகத் தாம் இரண்டு உணரிகளை மாற்றியதாகக் கூறினார். மாமன் மகன் வண்டிச் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். நாங்கள் பட்டர்வொர்த்துக்குத் திரும்பினோம்.